சலங்கை கட்டின பாம்பும், வேலை செய்யாத மருந்தும்

ராட்டில்ஸ்னேக் என்று சொன்னாலே நமக்கெல்லாம் ஒரு கௌபாய் படம்தான் மனசுல ஓடும். பாலைவனம், குதிரை, எங்கிருந்தோ ஒரு கிலுகிலு சத்தம். ஆனா இந்தக் கிலுகிலுப்பைப் பாம்பு டெக்சாஸுக்கு மட்டும் சொந்தம் கிடையாது. கனடாவில் தொடங்கி அர்ஜென்டினா வரைக்கும் இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி வேறு எங்கேயும் இல்லை. பிரேசிலில் இதன் பெயர் காஸ்காவெல். போர்த்துகீசிய மொழியில் சலங்கை மணி என்று அர்த்தம். என்ன பொருத்தமான பேரு பாருங்க!

இன்றைய கதை அந்தப் பாம்பைப் பற்றியும், அதன் பின்னால் போன ஒரு டாக்டரைப் பற்றியும். அவர் முழுப் பெயர் விட்டல் பிரேசில் மினைரோ த கம்பான்யா. பிரேசில் நாடு, மினாஸ் மாநிலம், கம்பான்யா ஊர். பேரிலேயே முழு அட்ரஸும் இருக்கு, பின்கோடு மட்டும்தான் பாக்கி.

1890-களில் அவர் சாவ் பாலோ மாநிலத்தின் உட்பகுதியில், பொட்டுகாட்டு என்ற ஊரில் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தார். சுற்றிலும் காபித் தோட்டங்கள். காட்டை அழித்து நடவு நடக்கும் இடம், வெறுங்காலோடு வேலை செய்யும் ஆட்கள். பாம்புக்கடி கேஸ் வந்துகொண்டே இருந்தது. கையில் மருந்து கிடையாது. முதலில் அந்த ஊர் மூலிகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். எதுவும் தேறவில்லை.

அப்போதுதான் பிரான்ஸிலிருந்து ஒரு செய்தி வருகிறது. ஆல்பர்ட் கால்மெட் என்பவர் விஷமுறிவு சீரம் தயாரித்துவிட்டார் என்று. சைகோனில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கியவர் அவர். அங்கே நாகப்பாம்பு விஷத்தில் ஆராய்ச்சியை ஆரம்பித்தார். ஐடியா சிம்பிள்தான். ஒரு விலங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைப் பழக்கினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி உருவாகும், அந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் இன்னொரு உயிரையும் காப்பாற்றும். இதற்கு முன்னோடியும் நம்ம ராட்டில்ஸ்னேக்தான். 1887-லேயே அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஹென்றி சீவால் என்பவர் அதன் விஷத்தைப் புறாக்களுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, கொல்லும் அளவைவிடப் பல மடங்கையும் அவை தாங்கும்படி செய்து காட்டியிருந்தார்.

கால்மெட் ஒரு படி மேலே போனார். தன் சீரம் மற்ற பாம்புகளின் விஷத்துக்கும் வேலை செய்யும் என்றார். பாஸ்டர் பரம்பரையில் வந்த ஒரு பெரிய ஆள் சொல்றார், யாரு கேள்வி கேப்பாங்க?

விட்டல் பிரேசில் கேட்டார். 1897-ல் சாவ் பாலோ நகரத்து ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபின், கால்மெட்டின் சீரத்தை பிரேசில் பாம்புகளின் விஷத்தோடு மோதவிட்டுப் பார்த்தார். வேலை செய்யவில்லை. அப்புறம் அவரே இரண்டு சீரம் தயாரித்தார். ஒன்று காஸ்காவெலுக்கு, இன்னொன்று ஜராராக்கா என்ற விரியனுக்கு. இரண்டு விஷம், இரண்டு மருந்து. மாற்றி மாற்றிச் சோதித்தார். நம்ம டெஸ்டிங் டீம் போடற மேட்ரிக்ஸ் மாதிரியேதான்! காஸ்காவெல் சீரம் காஸ்காவெல் விஷத்தை முறித்தது, ஜராராக்கா சீரம் ஜராராக்கா விஷத்தை. குறுக்கே போட்டால் பலிக்கவில்லை.

காரணம் கடிபட்டவரின் உடம்பிலேயே தெரியும். ஜராராக்கா கடித்தால் வீக்கம், ரத்தக்கசிவு, சதை அழுகல். பிரேசில் காஸ்காவெல் கடித்தால் கடித்த இடத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் இமை சரியும், தசை சிதையும், சிறுநீர் கறுக்கும், கடைசியில் சிறுநீரகம் நின்றுபோகும். ரெண்டையும் நாம 'விஷம்'னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடறோம்.

இதே காலகட்டத்தில் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டினும், இந்தியாவில் ஜார்ஜ் லாம்பும் கால்மெட் சொன்னதை மறுக்கும் முடிவுக்கு வந்தார்கள். ஆனால் எனக்கு விட்டல் பிரேசிலைத்தான் அதிகம் பிடிக்கும். ஏன்னா அவர் பேப்பர் எழுதிட்டு உட்காரலை. 1901-ல் தொடங்கிய புட்டான்டான் நிறுவனத்தின் தலைவரானதும் விவசாயிகளோடு ஒரு பண்டமாற்று ஆரம்பித்தார். நீங்கள் பாம்பை உயிரோடு பிடித்து அனுப்புங்கள், பதிலுக்கு நாங்கள் சீரமும் ஊசியும் தருகிறோம். பெட்டியை ரயிலில் இலவசமாக அனுப்பலாம். எந்தப் பாம்பு கடித்தது என்று தெரியாதவர்களுக்காக, இரண்டு சீரத்தையும் கலந்து ஒன்று. மருந்தோடு ஒரு படிவமும் போகும். யாரை, எந்தப் பாம்பு, எங்கே கடித்தது, பிழைத்தாரா என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் காலத்து யூசர் ஃபீட்பேக்!

1916 ஜனவரி. அவர் நியூயார்க்கில் இருந்தபோது பிராங்ஸ் மிருகக்காட்சிசாலை ஊழியர் ஒருவரை டெக்சாஸ் ராட்டில்ஸ்னேக் கடித்துவிட்டது. மற்ற சிகிச்சைகள் பலிக்கவில்லை. புட்டான்டான் சீரம் போட்டார்கள், ஆள் பிழைத்துக்கொண்டார். பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. அவரே நிரூபித்த விதிப்படி, பிரேசில் பாம்புக்கான மருந்து டெக்சாஸ் பாம்புக்கு முழுசா ஒத்துப்போகணும்னு கட்டாயம் இல்லை. ஒரே ஒரு கேஸை வெச்சு எதையும் நிரூபிக்கவும் முடியாது. ஆனாலும் 1920-களின் இறுதியில், புட்டான்டானைச் சேர்ந்த அஃப்ரானியோ த அமரலின் உதவியோடு, அமெரிக்காவே தன் பாம்புகளுக்குச் சொந்தமாக சீரம் தயாரிக்கத் தொடங்கியது.

சிக்கல் அதோடு முடியவில்லை. அரிசோனாவின் மொஹாவி ராட்டில்ஸ்னேக்கை எடுத்துக்கோங்க. ஒரே இனம்தான். சில பகுதிகளில் அதன் விஷம் நரம்பைத் தாக்கும். வேறு சில பகுதிகளில் அந்த நரம்பு நச்சே கிடையாது, ரத்தக்கசிவுதான். இனம் மாறினால் மட்டும் இல்லை, ஊர் மாறினாலும் விஷம் மாறும்.

இது நமக்கும் இருக்கும் பிரச்சினைதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கையும் வைத்துத்தான் இந்தியா முழுக்க ஒரே மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி நீண்ட காலமாக சென்னைக்குப் பக்கத்தில், வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவு சங்கத்திலிருந்து போகிறது. தமிழ்நாட்டுக் கண்ணாடி விரியனின் விஷமும் வடக்கே இருப்பதன் விஷமும் ஒன்றல்ல என்று ஆய்வுகள் சொல்கின்றன. வடகிழக்கில் இருக்கும் ஒற்றைக்கண் நாகம் இந்த நாலு பேர் லிஸ்டிலேயே இல்லை.

வடநெம்மேலிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. பிடித்துவரும் பாம்புகளை மண்பானைகளில் வைத்திருப்பார்கள். சில வாரங்கள் வைத்து விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஒரு அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.