ஈந்த தேர்



பறம்பு மலைத் தலைவன் பாரி, பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திச் சென்றான் என்பது நாம் இளமையிற் கேட்ட வரலாறு. திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரியோ, தன்னை நாடி வந்த புலவர்க்குத் தேர்களை வரையாது வழங்கிப் புகழ் பெற்றவன். இருவரும் கடையெழு வள்ளல்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுவோர். ஊர்தியைக் கொடையாக அளித்தல் தமிழர்க்குப் புதிதன்று.

ஆயினும், ஈந்த தேர் ஏற்றவர்க்கு எங்ஙனம் பயன்பட்டது என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. முல்லைக்குத் தேர் ஓட வேண்டுவதில்லை, நின்றாற் போதும். புலவர்க்கோ அதனை ஓட்டக் குதிரை வேண்டும். குதிரைக்குத் தீனி வேண்டும். பாகனுக்குக் கூலி வேண்டும். இல்லையேல் அதை விற்றுத்தான் பசியாறல் வேண்டும். நாம் பழகிய வண்டியைப் பிறர்க்கு ஈய நினைக்கும் இக்காலத்தும் இவ்வினா உயிருடையதாகவே இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் இரு நிகழ்ச்சிகள் இதற்கு விடை கூறும்.

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப், உரிகம், பாலகாட் என்று சுரங்கத்தின் பெயரே குடியிருப்பின் பெயராகவும் நிலைத்துவிட்டது. 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே பொன் அகழத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து நம்மவர் பெருந்தொகையினராய் வந்து குடியேறினர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன; மக்கள் இங்கேயே வேரூன்றி நின்றனர். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மருத்துவத்திற்கும் இன்றும் அவர்கள் நாடுவது குடியாத்தமும் வேலூருமே. நம் முதல் நிகழ்ச்சி அந்தச் சாலையில்தான் நடந்தது.

1870-இல் இராணிப்பேட்டையிற் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவத் தொண்டைத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. ஆனால் மருத்துவமனை வரை நடந்து வர வலிவற்றோர் பலர். ஆகவே அம்மையார் தாமே மாட்டு வண்டியில் ஊர்ப்புறம் சென்றார். 1909-இல், நன்கொடையால் வந்த சிறிய பெழோ மோட்டார் வண்டி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. மாடு பூட்டாமல் ஓடும் வண்டியைக் கண்டு முதலில் அஞ்சி ஓடிய மக்கள், நாளடைவில் அதன் வரவை நோக்கிச் சாலையோர மரநிழல்களிற் காத்திருக்கலாயினர். குடியாத்தம் சாலையில் வண்டி நின்ற இடமெல்லாம் மருத்துவமனை ஆயிற்று. ஈந்த வண்டி இங்கே ஓடியதால் பயன் தந்தது. அது தொடர்ந்து ஓடுவதற்கு எண்ணெயும் பழுது பார்ப்பும் இடையறாத உதவியும் வேண்டியிருந்தன.

ஏற்றவர் ஒருநாளும் ஏறிச் செல்லாமலே பயன் தந்த வண்டியும் ஒன்று உண்டு. 1964 டிசம்பரில் அனைத்துலக நற்கருணை மாநாட்டிற்காகப் போப்பாண்டவர் ஆறாம் பவுல் பம்பாய் வந்தார். இந்திய மண்ணில் கால் பதித்த முதற் போப்பாண்டவர் அவரே. அவர் பயணத்திற்கென அமெரிக்க அன்பர்கள் வெண்ணிற லிங்கன் கார் ஒன்றை அளித்திருந்தனர். விடைபெறும்போது அதனை அவர் அன்னை தெரசாவுக்கு ஈந்தார். கல்கத்தாச் சேரிகளில் நடந்து தொண்டாற்றிய அன்னைக்கு அந்த நீண்ட சொகுசு வண்டியால் ஆவது யாது? அதனைப் பரிசுப் பொருளாக வைத்துக் குலுக்குச் சீட்டு நடத்தினார். நேரே விற்றிருந்தாற் கிடைத்திருக்கக்கூடியதினும் மிகுந்த தொகை சேர்ந்தது. அத்தொகை, நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த அசன்சாலுக்கு அருகே தொழுநோயாளர்க்கென எழுந்த சாந்தி நகருக்குச் சென்றது. விலக்கி வைக்கப்பட்டோர் அங்கே மருந்தும் தொழிலும் குடியிருப்பும் பெற்றனர்.

அன்னையார் வண்டியே வேண்டா என்றவர் அல்லர். 1957 முதலே நடமாடும் மருத்துவ வண்டி வழியாகத் தொழுநோயாளர்க்கு அவர் மருந்தளித்து வந்தார். தேவையான வண்டியை ஓட்டினார், தேவையற்றதைப் பொருளாக்கினார். போப்பாண்டவரும் 'இதனை இவ்வாறே பயன்படுத்துக' என்று கட்டளையிடவில்லை. கொடையின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. பயனை முடிவு செய்யும் உரிமையையும் சேர்த்து ஈந்தாலன்றிக் கொடை நிறைவு பெறாது.

ஓடித் தேய்ந்த வண்டியை ஒரு தொண்டு நிலையத்தின் வாயிலில் நிறுத்திவிட்டு வருவதால் மட்டும் நாம் பாரி ஆகிவிட முடியாது. அதன் பழுதும் வரியும் அந்நிலையத்தின் தலையில் விழுமாயின், நாம் ஈந்தது பொருளன்று, சுமையே. எனவே ஓட்டுதற்கு வேண்டுமா, விற்றுப் பணமாக்குதற்கு வேண்டுமா என்று முதலிற் கேட்டறிதல் நன்று.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. கர்நாடகத்தில் பதிவான வண்டியைச் சொந்த ஊர்ப்பக்கத்து இல்லம் ஒன்றிற்கு அளிப்போர், இங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்று, பதிவுச் சான்றில் பெயரும் மாற்றித் தருதல் வேண்டும். பெயர் மாறாத வண்டியால் விபத்து நேரின், பதிவேட்டிற் பெயருள்ளவரே பொறுப்பாளி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பெயரை விடாமற் பொருளை மட்டும் ஈதல் சட்டத்தின் கண்ணிலும் முழுக்கொடை ஆகாது.

பாரி தேரை விட்டு இறங்கியபின் திரும்ப வந்து அதனைக் கேட்டதாக எந்தக் கதையும் இல்லை. முல்லை அதன்மேல் தன் போக்கிற் படர்ந்தது. ஈவோர் கற்க வேண்டிய பாடமும் அதுவே அன்றோ!