ஆலங்காட்டைக் காத்த பேய்மகளிர்

அரக்கோணம் தாண்டிச் சென்னைக்குப் போகிற ரயில் திருவாலங்காட்டைக் கடந்துதான் போகும். லீவுக்கு ஊர் போகிற நம்மில் பலர் அந்த நேரத்தில் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டிருப்போம். பெயரிலே இருக்கிற காடு ஒரு காலத்தில் நிஜக் காடு, சுடுகாடும்கூட. மனிதர் கால் வைக்க அஞ்சிய இடம். அதன் காவலெல்லாம் பெண்களிடமே இருந்தது.

முதலில் காளி. சிவனோடு ஆடித் தோற்றாள் என்பது தலபுராணம். அடுத்து காரைக்காலம்மையார். வணிகர் மகள், வணிகன் மனைவி. கணவன் பயந்து விலகிய பிறகு அழகை உதறிப் பேயுரு கேட்டு வாங்கி இங்கே வந்து சேர்ந்தார். கள்ளி, எட்டி, காரை, சூரை என்று அவர் பாட்டில் வருவதெல்லாம் வறண்ட முட்காட்டுச் செடிகள். அவர் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்கக் கூசி, ஞானசம்பந்தர் பக்கத்து ஊரிலேயே தங்கிவிட்டதாகச் சேக்கிழார் எழுதுகிறார்.

மூன்றாமவள் பழையனூர் நீலி. ஆலங்காட்டை ஒட்டிய ஊர் அது. முதலாம் இராசேந்திர சோழன் அவ்வூரை ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செப்பேடு, 31 ஏடுகள், 1905இல் கிடைத்தது. நீலி கதை அதற்கும் முந்தியது. சம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்பு இருக்கிறது. கணவனால் கொலையுண்டவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாக அந்த வழியே வருகிறான். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வேளாளர் 70 பேர் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். கொடுத்த வாக்குக்கு அப்படியொரு மதிப்பு! கடை வைத்திருக்கிற எவனும் அதை மறக்கலாகாது.

ஆனால் ஒன்று. கொன்றவன் பெயர் நமக்கு நினைவில்லை. கொலையுண்டவள் கண்ணீர் மட்டும் ‘நீலிக்கண்ணீர்’ என்று நம் வீடுகளில் புழங்குகிறது, அதுவும் பெண்பிள்ளைகளைப் பார்த்து. எனக்கு இது ஒப்பவில்லை. ஏனென்றால் எங்கள் சமண நூலொன்று இதே நீலியைத்தான் ஆசிரியை ஆக்கியிருக்கிறது.

அது நீலகேசி. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று, 894 பாட்டு. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பழைய உரையோடு பதிப்பித்தார். கதை தொடங்குவது வடக்கே, பாஞ்சால நாட்டுச் சுடுகாடொன்றில். காளிக்கு ஆடு வெட்ட வந்தவர்களிடம், மண்ணால் உருவம் செய்து வையுங்கள் போதும் என்கிறார் முனிச்சந்திரர். பலி நின்றுபோன கோபத்தில் அந்த ஊர்க் காளி, முனிவரை விரட்டத் தெற்கே பழையனூரிலிருந்து நீலியை வரவழைக்கிறாள். நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள். இளவரசி உருவெடுத்து மயக்கியும் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. அவளைச் சபிக்கவோ விரட்டவோ இல்லை, உட்காரவைத்து அறம் சொல்கிறார். நூலிலே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பிறகு குண்டலகேசி, மொக்கலன், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி என்று ஒவ்வொருவரோடும் நீலி வாதாடி வெல்கிறாள். பௌத்தரைக் கொஞ்சம் அதிகமாகவே கிண்டல் செய்வாள். வாதநூல் என்றால் அப்படித்தான். கடைசிச் சருக்கத்தில் எதிராளி பூதவாதி. உடம்புக்கு அப்பால் உயிரும் இல்லை, பேயும் இல்லை என்று சாதிக்கிறவன். அவன் முன்னே நீலி தன் பழைய பேயுருவை எடுத்துக் காட்டுகிறாள். ஆசாமி நடுங்கிப்போகிறான். இல்லாத ஒன்றுக்கா பயப்படுகிறாய் என்பதே அவள் வாதம்.