டேஞ்சர் குகைக் கூடைகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வெண்டோவர் ஊரை அடுத்த உப்புப் பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள தொல்லியல் களம் டேஞ்சர் குகை. 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வந்து தங்கிய இடம். ஜெஸ்ஸி ஜென்னிங்ஸ் 1949 முதல் 1953 வரை இங்கு அகழாய்வு செய்து, 1957-இல் அறிக்கை வெளியிட்டார். குகை ஈரமின்றிக் கிடந்ததால், வேறிடங்களில் மக்கிப்போகும் கூடைத் துண்டுகளும் கயிறுகளும் தப்பின.

படிவுகளில் குவிந்து கிடந்தது பதர். உவர்நிலத்தில் வளரும் ஒரு செடியின் பதர் அது. நம் கடலோர உமரிக்கு உறவுள்ள செடி. அதன் விதை மிகப் பொடி. உலர்ந்த மனித மலத்திலும் அதே விதை கிடைத்திருக்கிறது. பிற்காலத்தில் இவ்வட்டாரத்து ஷோஷோனி, பையூட் மக்கள் இத்தகைய விதைகளை முறம் போன்ற பின்னல் தட்டில் கங்குகளோடு போட்டு விடாமல் குலுக்கி வறுத்தனர். கை சற்று ஓய்ந்தால் தட்டே கருகிவிடும். வறுத்ததைப் புடைத்து, கல்லில் அரைத்து மாவாக்கினர்.

குகையில் தங்கிய மக்களை வேட்டையாடிகள் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. வேட்டைக் கருவியைவிடக் கூடையே அவர்கள் வயிற்றை நிரப்பியது எனலாம்.

இக்குகையின் கூடைப் பின்னலில் முந்தியது முறுக்குப் பின்னல்: நெட்டுக்குச்சிகளுக்குக் குறுக்கே இரண்டு இழைகளை முறுக்கியபடி ஓட்டுவது. சுருள் பின்னல் பிறகு வந்தது. அதில் குச்சிக்கட்டைச் சுருளாக வளைத்து, எலும்பு ஊசியால் துளையிட்டு, சுற்றுக்குச் சுற்று இழையால் இறுக்கித் தைப்பார்கள்.