தேர்தல் மேடையும் பூசைப் பீடமும்

நான் பிறந்தது மாம்பழத்துக்குப் பேர்போன முதலமடையில். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு, மதராஸ் மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் பிறகும் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம் என்று பழகிவிட்டோம். தேர்தல் வந்தால் மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே கேள்விதான்: "நிக்கிறது யாரு, நம்மாளா?" இந்தக் கேள்வியைப் பற்றிக் கேரளத்துக் கத்தோலிக்கர்களின் மனசாட்சி என்ன சொல்லி வந்திருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கத்தோலிக்கன் அல்லன். வெளியே நின்று பார்ப்பவன்.

1957-இல் அமைந்த ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைப் பார்த்தவர் பி.கே. சாத்தன் மாஸ்டர், புலையர் சமூகத்தவர். எதிர்க்கட்சித் தலைவர் பி.டி. சாக்கோ, கத்தோலிக்கர். கல்வி மசோதாவையும் நிலச் சீர்திருத்தத்தையும் எதிர்த்து 1959-இல் விமோசன சமரம் மூண்டது. திருச்சபையும் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் அதில் கைகோத்தன. சாத்தன் ஏர் ஓட்டப் போகட்டும், சாக்கோ நாட்டை ஆளட்டும் என்ற பொருளில் ஊர்வலங்களில் கோஷம் எழுந்தது. மறுபடியும் 'தம்புரான்' என்று கூப்பிட வைப்போம், பாளையில் கஞ்சி குடிக்க வைப்போம் என்றும் கத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாளையில் கஞ்சி வாங்கிக் குடித்தவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! ஜூலை 31 அன்று மத்திய அரசு அமைச்சரவையைக் கலைத்தது.

அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஜோசப் வடக்கன் பாதிரியார் 1961-இல் செய்த காரியம் வேடிக்கையானது. இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேற்ற விவசாயிகளைக் குமுளிக்குப் பக்கத்தில் அமராவதியில் கொண்டுவந்து தள்ளினார்கள். அவர்களுக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்தபோது வடக்கனும் அவர் பக்கம் நின்றார். 1967-இல் அவருடைய கட்சி ஈ.எம்.எஸ். அமைச்சரவையிலேயே இடம்பெற்றது.

திருச்சபையின் எழுத்து இதற்கிடையே தெளிவாகிவிட்டது. இனம், நிறம், சமூக நிலை, மொழி, சமயம் பார்த்து அடிப்படை உரிமைகளில் வேற்றுமை காட்டுவது கடவுளின் திட்டத்துக்கு முரணானது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு கூறியது. நம் 1951-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டமும் மதம், இனம், சாதி, மொழி சொல்லி ஓட்டுக் கேட்பதை முறைகேடு என்கிறது. ஆனால் அது வேட்பாளரையும் அவர் தரப்பையும்தான் பிடிக்கும். அவர் சம்மதம் இல்லாமல் கோயில் பீடத்திலிருந்து வரும் பேச்சைக் கேட்டு எழுந்து நிற்க வேண்டியவர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களே.

அப்படிச் சிலர் எழுந்தார்கள். 2021 செப்டம்பரில் பாலா ஆயர் 'நார்க்கோட்டிக் ஜிகாத்' என்று பேசியதையொட்டிக் கேரளமே இரண்டுபட்டது. அது தேர்தல் முடிந்த சமயம். ஆனாலும் கட்சிகள் விடவில்லை. குரவிலங்காட்டில் ஞாயிறு பூசையில் முஸ்லிம்களை ஒதுக்கச் சொல்லிப் பாதிரியார் பிரசங்கம் செய்ததாகச் சொல்லி, நான்கு கன்னியாஸ்திரிகள் பூசையை விட்டு வெளியேறினார்கள். மடத்துக்குள் வாழும் பெண்களுக்கு அது சாதாரணக் காரியமா?

அடுத்தது மக்களவைத் தேர்தல் நேரத்திலேயே நடந்தது. கேரளத்தில் 2024 ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. அந்த மாதத் தொடக்கத்தில் இடுக்கி மறைமாவட்டம் மறைக்கல்வி மாணவர்களுக்கு 'தி கேரளா ஸ்டோரி' படத்தைக் காட்டியது. காதல் வலையில் விழாதிருக்கப் பிள்ளைகளை எச்சரித்தோம் என்பது அவர்கள் விளக்கம். 32,000 பெண்கள் என்று விளம்பரம் செய்து, எதிர்ப்பு வந்ததும் மூன்று பெண்கள் என்று 2023-இல் மாற்றிக்கொண்ட படம் அது. எச்சரிக்க வேறு வழியா கிடைக்கவில்லை? எனக்கு அந்த விளக்கம் ஒப்பவில்லை.

சில நாளிலேயே, ஏப்ரல் 10 அன்று, அதே சீரோ மலபார் சபையைச் சேர்ந்த வைப்பின் பகுதிக் கோயில் ஒன்றில் வேறொரு திரை கட்டினார்கள். அங்கே மறைக்கல்விப் பிள்ளைகள் பார்த்தது, 2023 மே 3-இல் தொடங்கிய மணிப்பூர் கலவரத்தைப் பற்றிய ஆவணப்படம்.