பஞ்சுத் தூசி நோய்

பருத்தி, ஆளி முதலிய தாவர நார்களின் தூசியைப் பல்லாண்டுகள் சுவாசிப்பதனால் விளையும் இந்நோய் மருத்துவ நூல்களில் பிஸ்ஸினோசிஸ் எனப்படும். வார விடுமுறை கழிந்து ஆலைக்குள் மீண்டும் புகும் முதல் நாளில், வேலை தொடங்கிய சில மணி நேரத்திற்குள் தொழிலாளியின் மார்பு இறுகி மூச்சு முட்டுவதும், மறுநாள் அது தணிந்துவிடுவதும் இதன் பிரதான லக்ஷணம். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விறுக்கம் வாரத்தின் மற்ற நாட்களுக்கும் பரவி, முடிவில் மூச்சுக்குழல்கள் நிரந்தரமாகக் குறுகிவிடும். பஞ்சின் தூய இழை இதற்குக் காரணமன்று. காயைச் சூழ்ந்து காய்ந்த செதிலும் இலைச் சருகும், அவற்றில் வாழும் பாக்டீரியாக்களின் நச்சுப் பொருளுமே காரணமென ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் கருதுகின்றனர்.

ஆளி, சணல் நார்களைச் சிக்கெடுப்போரின் இருமலை இத்தாலிய வைத்தியர் ராமஸினி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். மான்செஸ்டரில் நூற்போரின் மார்பு நோயை ஜேம்ஸ் கே 1831-இல் விவரித்தார். பிரிட்டன் 1940-இல் இதற்கு நஷ்டஈடு வழங்கச் சட்டம் இயற்றியது. 1950-களில் ஷில்லிங் என்னும் மருத்துவர், லங்காஷயர் ஆலைகளில் திங்கட்கிழமை இறுக்கத்தை ஆதாரமாகக் கொண்டு நோயின் படிநிலைகளை வகுத்தார். நூற்பு ஆலைகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராமுக்கு மேல் தூசி இருத்தலாகாது என்று அமெரிக்கா 1978-இல் விதித்தது.

தென்னாட்டில் ஹார்வி சகோதரர்களின் ஆலைகள் அம்பாசமுத்திரம், தூத்துக்குடி, மதுரை ஆகிய இடங்களில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தபோது, அவற்றிற்கு வேண்டிய பருத்தியை விளைவித்தது கரிசற் பூமி. மதுரை–தூத்துக்குடி இரயில் பாதையை அடுத்த விருதுபட்டி, பிற்காலத்து விருதுநகர், பஞ்சு வியாபாரத்தாலும் ஜின்னிங் ஆலைகளாலும் வளர்ந்தது. விதையைப் பிரிக்கும் இயந்திரத்தண்டை கூலிக்கு நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டதே அக்காலத்துப் பாதுகாப்பு. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லை ஸ்தாபித்ததன் பின் அவ்வூரிலும், அருப்புக்கோட்டை முதலிய இடங்களிலும் நூற்பாலைகள் பெருகின. பொதியை உடைத்துப் பஞ்சைக் கலைக்கும் புளோ ரூமும், சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியுமே அங்கு அதிகத் தூசி பறக்கும் இடங்கள். வேலை முடிந்ததும் ஒரு வெல்லக் கட்டியை வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையிலுள்ள பஞ்சு இறங்கிவிடும் என்பது தொழிலாளரின் நெடுநாள் நம்பிக்கை; ஆனால் நோய் செய்யும் நுண்தூசி போய்ச் சேர்வது இரைப்பைக்கன்று, நுரையீரலுக்கு.

இவ்வூர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் பட்டாசுச் சாலை வெடித்தால், அன்று மாலைக்குள் ஊரெல்லாம் செய்தி, மறுநாள் அதிகாரிகளின் விசாரணை. பஞ்சு நோய்க்கு அவ்வாறான ஒரு நாள் இல்லை. எக்ஸ்ரே படத்திலும் அதற்கெனத் தனி அடையாளம் தோன்றுவதில்லை. ஆகவே அது ஆஸ்துமா என்றோ, க்ஷயம் என்றோ, பீடியின் குற்றம் என்றோ எளிதில் எழுதப்பட்டுவிடுகிறது. புகைபிடித்தல் நோயைக் கடுமையாக்கும் என்பது உண்மையே. ஆயினும், பீடியைத் தொட்டறியாத பெண்களுக்கும் அது வருவதை அவ்விளக்கம் தீர்ப்பதில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசாங்கத்திற்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் இதனையும் சேர்த்திருந்தது. ஆனால் அறிவிப்பதற்கு முன் நோயை அறிதல் வேண்டுமே. இரவும் பகலும் ஓடும் ஆலைகளில் விடுமுறை ஆளுக்கு ஒரு நாளாக முறைவைத்து அளிக்கப்படுமிடத்து, ஒருவருக்குத் திங்கட்கிழமை வரும் இறுக்கம் மற்றொருவருக்கு வியாழக்கிழமை வரும். அங்கே, எந்தக் கிழமையில் மூச்சு முட்டுகிறது என்று வினவும் வைத்தியருக்கு ஒன்றும் புலப்படாது. விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாள் எப்படி இருந்தது என்றே அவர் வினவ வேண்டும்.