கொழுந்து பறிக்கத் தெரிந்தால் எத்தனை மார்க்?

மசினகுடியில் தேயிலைத் தோட்டம் கிடையாது. நீலகிரி என்றதும் நினைவுக்கு வரும் பச்சைச் சரிவுகளுக்கெல்லாம் கீழே, மழை அதிகம் எட்டாத பக்கத்தில் இருக்கும் காட்டோர ஊர் அது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போக வேண்டும். 1930களில் சிங்காராவில் பைக்காரா மின் நிலையமும் 1950களில் மாயார் மின் நிலையமும் வந்தபோது, அந்த வேலைகளுக்கு வெளியூர்களிலிருந்து வந்தவர்களால் பெருத்த ஊர். என்ன படித்தாய், என்ன வயது, என்ன பாஷை தெரியும் என்று அவர்களுக்கு யாரும் மார்க் போடவில்லை.

அதே ஊரிலிருந்து தெப்பக்காடு வழியாகக் கூடலூர் போய், அங்கிருந்து பந்தலூர், சேரம்பாடி பக்கம் பஸ் மாறினால் கதை வேறு. அங்கே தேயிலைக்காட்டில் வேலை செய்யும் பல குடும்பங்களை உள்ளூரில் "சிலோன்காரங்க" என்பார்கள். இவர்களுடைய தாத்தா பாட்டிகள் இலங்கையில் இருந்தபோது அவர்கள் பெயர் "இந்தியக்காரர்கள்"! அந்தத் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு முறை பரீட்சை வைத்தார்கள், இன்னொரு முறை பரீட்சையே வைக்காமல் பங்கு பிரித்தார்கள்.

வெளிநாடு போக நினைக்கும் எல்லோருக்கும் இன்று இந்தப் பரீட்சை பழக்கமானது. கனடாவின் திறன் தொழிலாளர் திட்டத்தில் மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12 என்று 100 புள்ளிகள். 67 எடுத்தால் தகுதி. கால்குலேட்டர் இல்லாமலே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த முறையைக் கனடா தொடங்கியது 1967ல். அதற்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். 1951ல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ஒரு வருடத்துக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து வெறும் 50 பேர். எந்த நாட்டில் பிறந்தாய் என்பதுதான் கேள்வி. 1967க்குப் பிறகு, உனக்கு என்ன தெரியும் என்று கேள்வி மாறியது. அந்த வகையில் அது முன்னேற்றம்தான், அதை மறுக்க முடியாது.

ஆனால் "என்ன தெரியும்" என்பதை யார் முடிவு செய்வது?

நூறு வருடம் பின்னால் போவோம். இலங்கை மலைநாட்டில் முதலில் காப்பி, 1869ல் இலைத் துரு நோய் வந்து காப்பி அழிந்த பிறகு தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரா தோட்டத்தில் 1867லேயே தேயிலை போட்டிருந்தார். இதற்கெல்லாம் ஆள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கமிருந்து போனது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக்கொண்டு போவார். வழிச் செலவு முழுக்கத் தொழிலாளியின் கடன் கணக்கில் ஏறிவிடும். அந்தக் கடன் எழுதிய சீட்டுக்குப் பெயர் "துண்டு". கடனைக் கட்டாமல் தோட்டம் மாற முடியாது, புதுத் தோட்டம் கட்டினால் துண்டு கை மாறும். ஆளை வாங்கி விற்பதற்கு இதைவிட சுத்தமான கணக்குப் புத்தக முறை இருக்க முடியாது. 1921ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அந்தக் காலத்தில் இலங்கைக்குள் நுழைய ஒரே தகுதி, இரண்டு கை இருப்பது.

1939ல் இந்திய அரசு, திறன் இல்லாத தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. சட்டத்தின் மொழியில் கொழுந்து பறிப்பவர் "திறன் இல்லாதவர்". இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும், முற்றிய இலை கலக்காமல், சரிவில் கால் வழுக்காமல், முதுகில் கூடையோடு நாள் முழுக்கப் பறிப்பது, கவ்வாத்து வெட்டும்போது செடி சாகாத உயரம் தெரிந்து வெட்டுவது, இதெல்லாம் ஒரு வாரத்தில் வருவதில்லை. தோட்டத்தில் இதற்கு மார்க் உண்டு. குறித்த எடை பறித்தால் அன்றைக்கு ஒரு "பேர்", குறைந்தால் "அரைப்பேர்". ஆனால் அந்த மார்க் செக்ரோலோடு முடிந்துவிடும், எந்த அரசாங்கமும் அதைக் கணக்கில் எடுத்தது கிடையாது.

இலங்கை சுதந்திரம் அடைந்த சில மாதங்களில், 1948ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் போதாது, அப்பாவும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும், அல்லது தாத்தாவும் அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் வைத்திருந்தார்கள்? ஏறக்குறைய தோட்டமே மொத்தமாக நாடில்லாமல் போனது. அடுத்த வருடம், வேண்டுமானால் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் சட்டம் வந்தது. இதுதான் அந்தப் பரீட்சை.

கல்யாணம் ஆனவர் 1946 ஜனவரி 1க்கு முந்தைய 7 வருடம் தொடர்ந்து இலங்கையில் இருந்திருக்க வேண்டும். ஆகாதவருக்கு 10 வருடம். இடையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் "தொடர்ந்து" என்பது அறுந்துவிடும். (சொந்த ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம், திரும்ப வரக் கையில் காசில்லாமல் தங்கியது, எல்லாம் இதில் மாட்டும்.) நிலையான வருமானம் வேண்டும். மனைவியும் மைனர் பிள்ளைகளும் அங்கேயே இருந்ததற்கும் ஆதாரம் வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு வருடத்துக்குள், 1951 ஆகஸ்டுக்குள் கொடுக்க வேண்டும். இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இதைப் புறக்கணிக்கச் சொல்லி, கடைசி மாதங்களில்தான் மனசு மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பங்களில் அடக்கம். பத்துப் பன்னிரண்டு வருடம் இழுத்து முடித்தபோது குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. நூற்றுக்கு 17 கூட வராத ரிசல்ட்! கேள்விகள் எல்லாம் பேப்பரைப் பற்றியே இருந்தன. தேயிலையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அந்த நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு தேயிலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாஸ் ஆகாதவர்களை என்ன செய்வது என்பதற்குத்தான் 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பற்றிப் பிறகு பேசலாம் (1974ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பாதிப்பாதி பிரித்தார்கள்). கூட்டிப் பார்த்தால் சரியாக வரும், பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிறது. ஏழு பேரை இந்தியா எடுத்தால் நாலு பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், அதுதான் விகிதம். யார் அந்த ஏழு, யார் அந்த நாலு என்று ஒப்பந்தத்தில் இல்லை. விண்ணப்பம் கேட்டபோது இந்தியாவுக்கு வந்தது சுமார் 4 லட்சம் பேருக்குத்தான். இலங்கைக்கு, ஒதுக்கிய இடத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். அதாவது பெரும்பாலானவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க ஆசைப்பட்டார்கள். விகிதத்துக்கு ஆசை தெரியாது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்தில், 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. அதனால் கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்தது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிப் போன ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் "அழுகைக் கோச்சி". ஒரே லயத்தில் அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று விழுந்த வீடுகள் உண்டு. இந்தப் பக்கம் இறங்கியதும் மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்கு நிறுத்தி வைத்த அதே மண்டபம்.

இங்கே வந்த பிறகாவது தொழிலைக் கேட்டார்களா? பாதிதான். நிறையப் பேருக்குக் குடும்ப அட்டை கொடுத்து, வியாபாரம் செய்ய சில ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்து, சமவெளி மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர் திடீரென்று பெட்டிக்கடை வைத்தால் என்ன ஆகும்? கடன் வாங்கிய பணம் சாப்பாட்டுக்கே கரைந்தது. வெயிலும் பழக்கமில்லை. குளிர் எங்கே, தேயிலை எங்கே என்று விசாரித்து அவர்களாகவே கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஏறி வந்தார்கள். தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் கேரட், உருளைக்கிழங்கு தோட்டங்களில் தினக்கூலி ஆனார்கள்.

மீதிப் பாதிதான் டான்டீ. 1968ல் வனத்துறையின் கீழ் அரசு தேயிலைத் திட்டம் என்று தொடங்கி, 1970களின் நடுவில் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட கழகமாக மாறியது. நோக்கமே தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், கோத்தகிரி, வால்பாறை என்று காட்டைத் திருத்தித் தேயிலை வைத்தார்கள். நாற்றுப் போட்டதிலிருந்து கவ்வாத்து வரை எல்லாம் இவர்கள் கை. சட்டத்தில் "திறன் இல்லாத" கைகள் ஒரு அரசு நிறுவனத்தையே நட்டு வளர்த்தன.

இப்போது ஒரு விளையாட்டுக் கணக்கு. 1967ல் கொழுந்து பறிக்கும் முப்பது வயதுப் பெண் ஒருவர் கனடாவுக்கு விண்ணப்பித்திருந்தால்? பாஸ் மார்க் 50. படிப்பு: ஒரு வருடத்துக்கு ஒரு புள்ளி. தோட்டப் பள்ளியில் நாலாவது வரை என்றால் 4. வயதுக்கு முழுசாக 10. தொழில் திறனுக்கு உச்சம் 10, ஆனால் திறனற்ற வேலை என்று எழுதினால் 1. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் பூஜ்யம். மொத்தம் 15. அதிகாரி மனசு வைத்து நேர்முகத்துக்கு உள்ள 15ஐயும் அப்படியே அள்ளிக் கொடுத்தாலும் 30. இன்றைய முறையிலும் இதே கதைதான். அறுவடைக் கூலி வேலை திறன் பட்டியலில் கடைசிப் படியில் இருப்பதால் அந்த 67 புள்ளிக் கணக்கைத் தொடங்கவே முடியாது. எந்த ஊர்ப் பரீட்சையாக இருந்தாலும் இந்தப் பெண் ஃபெயில். ஆனால் அவர் பறித்த தேயிலை மட்டும் லண்டன் வரை தரம் பார்த்து, விலை வைத்து, தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

1984ல் யுத்தத்தால் கப்பல் நின்றது. அதற்குள் இந்தியா வந்து சேர்ந்தவர்கள், பிறகு பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, சுமார் நாலரை லட்சம். டான்டீயும் பிறகு நஷ்டத்தில் விழுந்து, 2022ல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் தோட்டத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்தது. ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே தீராத பிரச்சினை. முப்பது வருடம் இருந்த வீடு, போக வேறு ஊர் கிடையாது. "சொந்த ஊர் எது" என்ற கேள்விக்கு இரண்டு நாட்டு விண்ணப்பங்களில் பதில் எழுதிய குடும்பம் மறுபடியும் அதே கேள்வியின் முன்னால் நிற்கிறது.

இலங்கையில் மிச்சமிருந்த நாடற்றவர்கள் பிரச்சினை 2003ல் புதுச் சட்டத்தால் முடிந்தது. இந்தத் தடவை வருமானமோ பேப்பர் குவியலோ பெரிதாகக் கேட்கவில்லை. 1964 அக்டோபர் 30லிருந்து இலங்கையில் நிரந்தரமாக இருப்பவராக, அல்லது அவருடைய வாரிசாக இருந்தால் போதும் என்றார்கள். அந்தத் தேதியில் அங்கே இருந்துவிட்டு, ஏழு பேரில் ஒருவராகக் கப்பல் ஏறியவர்களில் பலர் அப்போது பந்தலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.