வான்நோக்கலில் லேசர் சுட்டி

இரவு வானில் விண்மீன்களைப் பிறருக்கு அடையாளம் காட்ட உதவும் கைக்கருவி லேசர் சுட்டி. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை லேசரே இதற்கு ஏற்றது. இருளுக்குப் பழகிய கண்ணுக்குப் பச்சை பளிச்சென்று படும். காற்று மூலக்கூறுகள் சிவப்பைவிடப் பச்சையைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் கற்றை வானை நோக்கிய கோடாகவே தெரியும். இதற்கு 5 மில்லிவாட் திறன் தாராளம். அதற்கு மேல் வாங்குவது பகட்டுதான்.

ஆனால் கற்றை எவ்வளவு தாழ்வாகப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சங்கரன்கோவில் பகுதியிலுள்ள குருவிகுளம் ஏறத்தாழ 9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. கார்த்திகைக் கூட்டம் அங்கே உச்சிக்கு அருகில் வரும். அதைக் காட்டுகையில் கற்றை தரையில் இருக்கும் யார் கண்ணிலும் படாது. துருவ நட்சத்திரமோ அடிவானுக்கு மேல் 9 பாகையில்தான் நிற்கும். தெற்குச் சிலுவை 20 பாகை அளவுக்கே எழும், அகத்தியர் விண்மீன் சுமார் 28 பாகை. நாட்டின் தென்பகுதியில் நன்றாகத் தெரியும் இவ்விரண்டையும் காட்டத்தான் ஆசை மிகும். அப்போது கற்றை மொட்டைமாடிகளையும் சாலையையும் ஒட்டியே போகும்.

5 மில்லிவாட் கற்றை சுமார் 16 மீட்டருக்குள் விழித்திரைக்குத் தீங்கு செய்யலாம். கண்ணைக் கூசவைப்பது சில நூறு மீட்டர் வரை; விமானியின் கவனத்தைக் கலைப்பது மூன்றரை கிலோமீட்டர் வரை. கற்றை ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுவதால், தொலைவில் அது புள்ளியாக அல்ல, விமானியறைக் கண்ணாடி முழுவதும் பரவிய வெளிச்சமாகவே படும். 2025 மே மாதம் துபாயிலிருந்து வந்து சென்னையில் தரையிறங்கவிருந்த விமானத்தின் மீது பரங்கிமலைப் பக்கமிருந்து லேசர் அடிக்கப்பட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. அமெரிக்காவில் 2012 முதல் இச்செயலுக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

மலிவான சுட்டிகளில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை: 808 நானோமீட்டர் டையோடு ஒரு படிகத்தைத் தூண்ட, அதில் எழும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை இன்னொரு படிகம் பாதி அலைநீளமாக்குகிறது. அகச்சிவப்பு வடிகட்டியைச் சேர்க்காமல் விட்டால் மிச்ச ஒளி வெளியே கசியும். கண்ணுக்கு அது தெரியாததால் இமை தானாக மூடாது. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2013ல் அறிவித்த சோதனையில் 122 சுட்டிகள் அளக்கப்பட்டன. பச்சைச் சுட்டிகளில் சுமார் 90 விழுக்காடு பாதுகாப்பு வரம்பை மீறியிருந்தன. மேலே ஒட்டிய சீட்டை நம்ப முடியாது.

வான்நோக்கு முகாம்களில் சுட்டி வழிகாட்டுபவர் கையில் மட்டும் இருப்பதே முறை. குழந்தைகளிடம் கொடுப்பது கூடாது. வானில் நகரும் எந்த ஒளியையும் தொடக்கூடாது, அது செயற்கைக்கோள்தான் என்று உறுதியாகத் தோன்றினாலும். அருகில் எவராவது விண்மீன்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தால் ஒரு கீற்றே அவருடைய நீண்ட பதிவைக் கெடுத்துவிடும். கொடைக்கானல் மார்கழிக் குளிரில் பல சுட்டிகள் மங்கிப்போகும். சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்கி எடுத்தால் மீண்டும் எரியும்.